ஹார்பர் கேட்டில் நின்றவர்

துலிப் பூ பார்க்கத்தான் நெதர்லாந்து போவதாக முடிவாகியிருந்தது. ஜூன் மாதத்தில் அங்கே துலிப் பூ இருக்காது என்பது, தங்குமிடம், ரயில் எல்லாவற்றுக்கும் முன்பதிவு செய்து முடித்த பிறகுதான் எங்களில் ஒருவனுக்குத் தெரியவந்தது. மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜெர்மனியில் முதுகலை படிக்க வந்தவர்கள். பூ எந்த மாதம் பூக்கும் என்று ஒருத்தருக்குக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. சரி, பூ இல்லாவிட்டால் காற்றாலை இருக்கிறது, படகு இருக்கிறது என்று திட்டத்தை மாற்றினார்கள். நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்குப் பூவும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமை ராட்டர்டாம் துறைமுகத்துக்கு அப்பாவின் கப்பல் வருகிறது. எனக்கு அது போதும்.

அப்பாவைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியபோது அவர் கடலில் இருந்தார். அவர் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். கப்பல்காரர் வீட்டில் இதெல்லாம் புதிதில்லை. என் பத்தாம் வகுப்பு ரிசல்ட், தாத்தாவின் அடக்கம், தம்பி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை, எதற்கும் அப்பா இருந்ததில்லை. போகிறவர் அவர், காத்திருக்கிறவர்கள் நாங்கள் என்றுதான் அதுவரை இருந்தது.

நிலக்கரி ஏற்றுகிற கப்பலில் அப்பா போசன். தளத்தில் கயிறு, நங்கூரம், துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் மரியாதையாகப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் என் அறைத்தோழியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சென்னைக்காரி. அப்பா டாக்டர், அம்மாவும் டாக்டர். வந்த முதல் வாரமே கேட்டாள்.

"உங்க அப்பா என்ன பண்றாங்க?"

"ஷிப்பிங்ல இருக்காங்க."

"வாவ், கேப்டனா?"

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்துக்குள் வகுப்பில் எல்லோருக்கும் நான் கேப்டன் மகள் ஆகிவிட்டேன். ஒருவன் வெள்ளைத் தொப்பி வைத்த பொம்மைப் படத்தை எனக்கு அனுப்பி சல்யூட் அடித்தான். அதற்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீது எரிச்சல் வருகிறது.

அதனால்தான் ராட்டர்டாமில் அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் மற்ற எட்டு பேரும் கப்பல் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கேப்டனைத் தேடுவார்கள். அங்கே பாய்லர் சூட் என்கிற அழுக்கு முழு அங்கியில், கைவிரல் இடுக்கில் கிரீஸோடு, மேல்பல் ஒன்று போன ஒருவர் நிற்பார். இரண்டு மூன்று மணி நேரம் கூட்டத்திலிருந்து நழுவிப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோலத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

புதன்கிழமை அப்பா கூப்பிட்டார். பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"ஏளா, சனிக்கிழம காலைல பெர்த்துல கட்டிருவாங்க. பத்து மணிக்கு மேல எனக்கு நேரம் கெடைக்கும். மூணு மணிக்கு நான் திரும்பக் கப்பல்ல நிக்கணும். நீ ஹார்பர் கேட்டுக்கு வந்துரு. நான் அங்கன நிக்கேன்."

"சரிப்பா."

"ஒங்க அம்மா ஒனக்குக் குடுத்துவிட்டது இருக்கு. கெட்டுப்போகாம வச்சிருக்கேன்."

அம்மா கொடுத்துவிட்டது எப்படி அவரிடம் போனது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊரில் யாராவது கப்பலேறப் போகிறார் என்றால், அந்தக் கப்பலில் ஏற்கெனவே இருக்கிறவர்களின் வீட்டுக்கெல்லாம் செய்தி போய்விடும். அவரவர் ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். போகிறவர் தன் துணியைக் குறைத்துக்கொண்டாவது அதைக் கொண்டுபோவார். மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏப்ரலில் அப்பாவின் கப்பலில் ஏறப் புன்னைக்காயல்காரர் ஒருவர் சிங்கப்பூருக்குப் போனார். ஞானஸ்நானத்தில் என் தம்பிக்கு ஞானத்தகப்பன் அவர். எங்கள் பேச்சில் அப்பாவுக்குக் கும்பாதிரி. கப்பல் ஐரோப்பா போகும் என்று தெரிந்ததும் அம்மா அவரிடம் எனக்காக மஸ்கோத் அல்வாவும் மக்ரூனும் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அது கப்பல் குசினியின் ஐஸ் பெட்டியில், மீனுக்கும் கோழிக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

"ஹார்பர் கேட்" என்று அப்பா சொன்னார். நானும் சரி என்றேன். எந்த கேட் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேறு ஊர்க்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். எங்களுக்கு ஹார்பர் கேட் என்றால் ஒன்றுதான். உப்பளங்களைத் தாண்டி நேரே போனால் லாரி வரிசை, டீக்கடை, எதிரே கேட். யாரைக் கேட்டாலும் கைநீட்டிக் காட்டுவார்கள். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருமுறை அப்பாவின் கப்பல் தூத்துக்குடிக்கே கரி கொண்டுவந்தது. அம்மா டிபன் கேரியரோடும் நானும் தம்பியும் கோயிலுக்குப் போகிற உடுப்போடும் அந்த கேட்டில் நின்றோம். அப்பா பாய்லர் சூட்டோடு வெளியே வந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என் வெள்ளை கவுன் முழுக்கக் கரி. அம்மாவிடம் அடி வாங்கியது நினைவிருக்கிறது. வெட்கப்பட்டதாக நினைவில்லை.

சனிக்கிழமை காலை ஆம்ஸ்டர்டாமிலிருந்து எட்டு மணி ரயிலில் கிளம்ப வேண்டும். குழுச் சீட்டு. ஒன்பது பேரும் சேர்ந்தேதான் ஏற வேண்டும். ஒருவன் சார்ஜரைத் தேடினான். இன்னொருத்திக்குக் காபி இல்லாமல் கண் திறக்காது. மூன்றாமவன் குளியலறைக்குள் போனவன், உள்ளே குடித்தனம் வைத்துவிட்டான். நான் வாசலில் பையோடு நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "கிளம்பிட்டேன்ப்பா" என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பியபோது உண்மையில் கிளம்பவே இல்லை. பத்தரை மணி ரயிலைத்தான் பிடிக்க முடிந்தது.

ராட்டர்டாமில் இறங்கும்போது பன்னிரண்டாகப் பத்து நிமிடம். அங்கிருந்து காற்றாலை ஊருக்குப் போகும் படகு ஒரு மணிக்கு. "இங்க என் கசின் இருக்கான், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்" என்று அறைத்தோழியிடம் சொல்லிவிட்டு, போனில் துறைமுகம் என்று போட்டுப் பார்த்து, அது காட்டிய இடத்துக்கு வேகமாக நடந்தேன். அது சுற்றுலாப் படகுகள் நிற்கும் படித்துறை. ஐஸ்கிரீம் கடை இருந்தது, கிழவர்கள் நாயோடு உட்கார்ந்திருந்தார்கள். கேட் என்று ஒன்றும் இல்லை. லாரி இல்லை, கரி இல்லை, கப்பல்கூட இல்லை.

அப்போதுதான் அப்பாவின் செய்தியைத் திறந்தேன். பத்தரைக்கே அனுப்பியிருந்தார். "கேட்டுல நிக்கேன். எங்கன இருக்க?" கீழே அவர் நிற்கும் இடத்தின் மேப். தொட்டுப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர். அந்த ஊரில் துறைமுகம் என்பது ஒரு கேட்டோடு முடிகிற விஷயம் இல்லை. ஊரில் தொடங்கி ஆற்றங்கரை முழுக்கப் போய், கடலைத் தூர்த்து மண்ணாக்கிய இடத்தில் முடிகிறது. அப்பா அந்தக் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். ஒரே துறைமுகத்தின் இரண்டு முனைகளில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

இங்கே நான் யாரையும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. பஸ்ஸில் போனால் நேரமாகும். டாக்சியில் ஐம்பது நிமிடம் என்று போன் காட்டியது. கையில் அதற்குப் பணம் இருந்தது. ஒன்றேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். ஒன்றரை மணி நேரம் அப்பாவோடு இருந்துவிட்டு, சாயங்கால ரயிலுக்கு இவர்களோடு வந்து சேர்ந்திருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டாக்சிகள் வரிசையாக நின்றன.

போன் அடித்தது. அறைத்தோழி.

"ஹே, எங்க இருக்க? போட் டிக்கெட் உன் போன்லதான இருக்கு? எல்லாரும் க்யூல நிக்கறோம்."

"எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் ஆகும். இங்க..."

"கசின்தான? இன்னொரு நாள் பாத்துக்கோயேன். எட்டு பேர் வெயிட் பண்றோம், ப்ளீஸ்."

டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கலாம். அரை நிமிட வேலை. "என் அப்பா இங்கே வந்திருக்கிறார், அவரைப் பார்க்கப் போகிறேன், நீங்கள் போங்கள்" என்று சொன்னால் அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கமாட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் நல்ல பெண்தான். டாக்சிக்குக் காசுகூடத் தந்திருப்பாள். ஆனால் கசின் எப்படி அப்பா ஆனார் என்று கேட்பாள். கேப்டன் எந்தக் கப்பல் என்று கேட்பாள். இந்த இரண்டு கேள்விக்குப் பயந்து நான் படகை நோக்கி நடந்தேன். நடந்துகொண்டே அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். "ட்ரெயின் கேன்சல்ப்பா. ஆம்ஸ்டர்டாம்லயே மாட்டிக்கிட்டோம். வர முடியாது போல. ஸாரிப்பா."

அவர் எழுத்தில் பதில் அனுப்பவில்லை. குரல் அனுப்பினார். பேச்சைவிடக் காற்றுதான் அதில் அதிகம்.

"சரிளா. அதுக்கென்ன. அலையாத. கூட்டத்தோடயே இரு, தனியா எங்கயும் போயிராத. நல்லாச் சாப்பிடு."

காற்றாலை ஊரில் இறங்கியதும் படகை ஒட்டி எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்தோம். ஆளுக்கு ஒரு பக்கம் கையை விரித்து, பின்னால் காற்றாலைகள் சுற்ற, நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத்தான் நன்றாக வருமே. அந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று மணி எப்போது ஆகும், அப்பா எப்போது கப்பலுக்குத் திரும்பிப் போய்த் தொலைவார், இந்தப் பாரம் எப்போது இறங்கும் என்று போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஜெர்மனிக்குத் திரும்பும் ரயிலில், எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். படகின் பக்கவாட்டில் ராட்டர்டாம் என்று முழ நீள எழுத்தில் எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சார்ஜரைத் தேடுகிறவர்களையும் குளியலறைக்காரனையும் கேலி செய்தவள் நான். அரைமணி கழித்துத்தான் கண்ணில் பட்டது. பதறிப்போய் அழிக்கப் போனேன். அழிப்பதற்கு முன்னால், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் தெரிந்தது. முதல் பெயராக 'அப்பா' என்று இருந்தது.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது பரீட்சை எப்போது என்று கேட்டார். வரப்போகிற குளிருக்குக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டார். நானும் எதுவும் சொல்லவில்லை. ஒருவேளை எழுத்தைக் கவனித்திருக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கப்பல்களின் பெயரைக் கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து வாசிக்கிற மனுஷனைப் பற்றித்தான் இப்படி நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து, பிப்ரவரியில், செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தேன். அப்பாவும் கப்பலிலிருந்து இறங்கி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மெலிஞ்சிட்டியேளா" என்றார், பையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த வாரமே அத்தையின் புது வீட்டு மந்திரிப்பு. தவக்காலம் பிறப்பதற்குள் வீட்டை மந்திரித்து விருந்து போட்டுவிட வேண்டும் என்று அத்தைக்கு அவசரம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் போனதும் பந்தி வைத்தார்கள்.

நான் அப்பாவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பக்கத்தில் அந்தப் புன்னைக்காயல்காரர். அத்தை பிரியாணி வைத்துக்கொண்டே அப்பாவைச் சீண்டினாள்.

"என்ன அண்ணே, ஒம்ம மகள வெளிநாட்டுக்கு அனுப்பினீரே. நீரு அந்தப் பக்கம்தான கப்பல்ல போறீரு. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தாளா?"

நான் குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கினேன்.

"பாக்காம?" என்றார் அப்பா. "ராட்டர்டாமுக்கு வந்துட்டாள்லா. ஹார்பர் கேட்டுல வந்து நின்னா. கூடப் படிக்கிற பிள்ளையளயும் கூட்டிட்டு வந்தா. ஒங்க அண்ணி குடுத்துவிட்ட மஸ்கோத்த எல்லாருமா அங்கனயே நின்னு தின்னாங்க."

அப்பாவுக்குப் பொய் வராது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சீட்டாட்டத்தில்கூட முகத்தை வைத்தே பிடித்துவிடுவார்கள். அன்றைக்கு அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு என்று எனக்குப் புரிந்தது.

"நெசமாவா?" என்று அத்தை புன்னைக்காயல்காரரைப் பார்த்தாள்.

"ஆமா, நானுந்தான் நின்னேன். பிள்ள நல்ல உடுப்புப் போட்டுட்டு வந்திருந்திச்சு" என்றார் அவர், எலும்பைக் கடித்தபடி.

கைகழுவப் போன இடத்தில் அவரைப் பிடித்தேன். "மாமா, அந்த கேட்டுல..." என்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒன் மெசேஜு வந்தப் பொறவும் ரெண்டர மணி வரைக்கும் நின்னாரு. அடுத்த ட்ரெயினப் பிடிச்சு வந்தாலும் வரும்னு. அந்தக் காத்துல நிக்க முடியாது பாத்துக்க. கல்யாணச் சட்டய வேற போட்டுட்டு வந்திருந்தாரு. மக வாரான்னு கப்பல் பூரா சொல்லி வச்சிருந்தாரு. பொட்டலத்த அப்பிடியே திருப்பிக் கொண்டுபோனா மத்தவன்லாம் கேப்பான்லா? அதான் நானும் அவருமா கேட்டுலயே நின்னு பாதியத் தின்னோம். எங்க, எறங்கவே இல்ல. மிச்சத்தக் கொண்டுபோயி, என் மக ஒங்களுக்குக் குடுத்துவிட்டான்னு கூட வேல பாக்குற பிலிப்பினோக்காரனுவளுக்குக் குடுத்தாரு."

நான் அங்கேயே நின்று அழுதேன். எனக்கு என்மேல் இருந்த வெறுப்பில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்காக அவர்மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அழுத முகத்தை அவள் கவனித்தாளா, வெங்காயம் என்று நினைத்தாளா, தெரியவில்லை. "ஏளா, கேக்கணும்னு நெனச்சேன். நீ பாக்கும்போது ஒங்கப்பா அங்கன எப்படி இருந்தாவ? ரொம்பக் கறுத்திருந்தாவளோ?"

"கொஞ்சம் கறுத்திருந்தாங்க. கல்யாணச் சட்ட போட்டிருந்தாங்க" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம்.

சாப்பிட்டவர்கள் கிளம்பிய பிறகு அப்பா வாசல் பந்தலில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், கேப்டன் கதை முதற்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"அப்பா, அன்னைக்கு ராட்டர்டாம்ல..."

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அந்தக் காத்தாடி எல்லாம் நல்லா இருந்துச்சா?"

தலையை ஆட்டினேன்.

"முப்பது வருசமா அந்த ஊருக்குப் போறேன். ஒரு தடவகூட அத நான் பாத்ததில்ல. நமக்கு எங்க நேரம்." போனுக்காகக் கையை நீட்டினார். "அந்தப் போட்டோவக் காட்டு, பாப்போம்."

"அழிச்சிட்டேன்ப்பா."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்ளா அழிச்ச? நல்லாச் சிரிச்சுக்கிட்டுல்லா நின்ன."